சோலாப்பூருக்குப் போன சீர்

திருமங்கலத்தில் விருமாண்டியின் ஹார்டுவேர் கடைக்கு ஆணி வாங்கப் போனவர்கள், அந்த மே மாதத்தில் ஆணியோடு ஒரு சேதியையும் சேர்த்து வாங்கிக்கொண்டுதான் திரும்பினார்கள். தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. இங்கே இல்லை, மகாராஷ்டிராவில், சோலாப்பூரில். தாய்மாமன் சீர் இங்கிருந்து போகிறது. ரயிலில் இல்லை, சொந்த பொலிரோவில். சீர்க் கிடாயும் கூடவே போகிறது. யாராவது போகிற போக்கில், "சோலாப்பூரு எங்கண்ணே இருக்கு?" என்று கேட்டுவிட்டால் போச்சு. கல்லாவுக்குப் பின்னால் தொங்கிய காலண்டரைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் பேனாவால் இந்தியா வரைந்து காட்டுவார். அவர் வரைந்த இந்தியாவில் சோலாப்பூர் ஏறக்குறைய இமயமலை அடிவாரத்தில் இருந்தது.

"அம்புட்டுத் தூரமா?" என்று வந்தவர் வாயைப் பிளந்த பிறகுதான் ஆணியை எடைபோடுவார்.

பெருமை பேசுகிற மனிதர்தான், அதில் ஒளிவு மறைவு இல்லை. தன் கடை, தன் மீசை, தன் வண்டி, தன் மகள் அஸ்வினி காலேஜில் வாங்கிய மார்க்கு, எல்லாவற்றையும் பற்றிப் பேசுவார். ஆனால் இந்தச் சீரைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. அதற்குக் காரணம் உண்டு. அதை அவர் கடையில் வைத்து யாரிடமும் சொன்னதில்லை.

அவருக்கு ஒரே தங்கச்சி சோணையம்மாள். சோலாப்பூரில் முறுக்குக் கம்பெனி நடத்தும் ஜெயபாண்டிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கம்பெனி என்றதும் பெரிய கட்டடம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு தகர ஷெட், நாலு அடுப்பு, முறுக்குப் பிழிய ஏழெட்டுப் பேர், கடை கடையாகப் போட்டுவர இரண்டு பைக். செக்கானூரணி, உசிலம்பட்டிப் பக்கத்து ஆட்கள் பலபேர் இப்படி வடக்கே போய்ப் பிழைக்கிறார்கள். சோலாப்பூரிலும் அவர்கள் சேர்ந்து குடியிருக்க ஒரு தெரு இருந்தது, தெருக்கோடியில் ஊரிலிருந்து பிடிமண் எடுத்துப்போய்க் கட்டிய கருப்பசாமி கோவில் இருந்தது. சோணையம்மாளுக்குப் பிள்ளைதான் இல்லாமல் இருந்தது. ஏறாத கோவில் இல்லை. பல வருஷம் கழித்து ஒருவழியாக உண்டானாள்.

ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டுத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வருவதாக ஏற்பாடு. விருமாண்டி வளையல் வாங்கி, வண்டிக்கு டீசல் போட்டு, கிளம்பத் தயாராக நின்றபோது ஊரடங்கு வந்துவிட்டது. பாஸ் கேட்டு அலைந்தார், கிடைக்கவில்லை. கிடைக்காமலேயே கிளம்பியும் பார்த்தார். ரிங் ரோட்டைத் தாண்டுவதற்குள் மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வளையல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலில் வண்டியிலேயே உட்கார்ந்திருந்ததை மனைவி கனகலட்சுமி மட்டும்தான் பார்த்தார்.

பிள்ளை சோலாப்பூரிலேயே பிறந்தது. பெண் குழந்தை. பாண்டிமீனா என்று பெயர் வைத்தார்கள். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டுச் சேனை வைப்பது தாய்மாமன். தொட்டில் கொண்டுவந்து கட்டுவது தாய்மாமன். இது எதுவும் விருமாண்டி கையால் நடக்கவில்லை. செல்போனில் முகம் பார்த்தார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையிலும் ஏதாவது ஒன்று வந்து தடுத்தது. தங்கச்சி குடும்பம் ஊருக்கு வந்ததும் ஒரே ஒருதரம்தான், ஒரு சாவுக்கு வந்து மறுநாளே ஓடினார்கள். வந்த நேரமெல்லாம் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. இதற்கிடையில் ஜெயபாண்டியின் பெரியப்பா கருத்தக்கண்ணன் ஏதோ ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், "சோணைக்குப் பெறந்த வீட்ல இருந்து ஒரு காக்கா குருவிகூட எட்டிப் பாக்கல" என்று சொன்னதாகக் காதுக்கு வந்தது. அன்றைக்கு விருமாண்டி இரண்டு வேளை சாப்பிடவில்லை.

மிச்சம் இருந்தது காதுகுத்து ஒன்றுதான். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். அந்த மடியும் தவறிப்போய்விட்டால் பிறகு தன்னைத் தாய்மாமன் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு அர்த்தமும் இல்லை என்று அவர் உறுதியாக நம்பினார். அதனால்தான் இந்தப் பயணத்தில் எதையும் குறைத்துச் செய்ய அவருக்கு மனம் வரவில்லை.

சீர் வாங்குவதற்குள் கனகலட்சுமிக்குக் கால் வீங்கிவிட்டது. பட்டுப்பாவாடைக்கு மதுரை விளக்குத்தூண் பக்கம் ஐந்து கடை ஏறினார்கள். தங்கத்தோட்டுக்குத் தெற்காவணி மூலவீதியில் சொல்லி வைத்து, அது தயாரானதும் கல் மங்கலாக இருக்கிறது என்று திருப்பிக்கொடுத்து, மறுபடி செய்யச் சொன்னார் விருமாண்டி. குத்துவிளக்கு, வெண்கலப் பானை, தட்டுகள், வேட்டி சேலை என்று வீட்டு ஹாலில் கால் வைக்க இடமில்லை. கடைசியாகக் கிடாயும் வந்து சேர்ந்தது. நல்ல கறுத்த கிடா. கொம்பு இரண்டும் பின்னுக்கு வளைந்து, விருமாண்டியின் மீசைக்குப் பதில் சொல்கிற மாதிரி இருந்தது.

"கிடாய இங்க இருந்தா கொண்டு போகணும்? அங்க ஆடே கெடையாதா?" என்று கேட்டார் கனகலட்சுமி.

"அங்க வாங்குனா அது கறி. இங்க இருந்து கொண்டு போனாத்தான் சீரு."

"ரெண்டு நாளு அது கூடயா நாங்க வரணும்?"

"அதும் நம்ம கூட வருதுல்ல. அது எதுவும் சொல்லுச்சா?"

அப்பாவும் அம்மாவும் பேசுவதை அஸ்வினி செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு லீவு. வழி பார்ப்பதும், அப்பா தூங்கி வழிந்தால் வண்டி ஓட்டுவதும் அவள் பொறுப்பு. பொலிரோவின் பின்சீட்டைக் கழற்றி, சாக்கு விரித்து, கிடாய்க்கு இடம் போட்டார்கள். அகத்திக்கீரைக் கட்டு ஒரு பக்கம், சீர்த் தட்டுகள் மேலே கேரியரில், தார்ப்பாய் போட்டுக் கட்டு.

விடிகாலையில் கிளம்பினார்கள். வடக்கே போகிறவர் நேராக ஹைவேயில் போகவேண்டியதுதானே. இவர் மதுரையைச் சுற்றிக்கொண்டு அழகர்கோவிலுக்கு விட்டார். பதினெட்டாம்படிக் கருப்பிடம் சொல்லிக்கொள்ளாமல் எல்லை தாண்டக் கூடாதாம். கருப்பு குடியிருக்கும் அந்தப் பெரிய கதவுக்கு முன்னால் நின்று, சந்தனம் பூசி, வண்டிச் சக்கரத்துக்கு நாலு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, அங்கிருந்து நத்தம் வழியாகத் திண்டுக்கல் போனார்கள். நத்தத்தில் சீருக்கு மாம்பழம் இரண்டு கூடை ஏறியது. வண்டிக்குள் மாம்பழ வாசமும் கிடாய் வாசமும் சண்டை போட்டுக்கொண்டன. கரூர் தாண்டுவதற்குள் கிடாய் ஜெயித்துவிட்டது.

விருமாண்டி வண்டி ஓட்டுகிற அழகைச் சொல்ல வேண்டும். முந்துகிற ஒவ்வொரு லாரிக்காரரிடமும், நிறுத்துகிற ஒவ்வொரு டீக்கடையிலும் அவர் சீர் கொண்டுபோகிற விவரம் சொல்லப்பட்டது. சேலத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்ரோல் பங்கில் காற்றுப் பிடிக்கிற ஆள், "எந்த ஊருக்குண்ணே ஆடு விக்கப் போறீங்க?" என்று கேட்டுவிட்டான். விற்கவா! அவனை நிற்கவைத்து, ஊரடங்கிலிருந்து ஆரம்பித்து முழுக்கதையும் சொல்லி முடிப்பதற்குள் பின்னால் ஆறேழு வண்டி நின்று ஹாரன் அடித்தது. ஹாரன் அடித்தவர்களில் ஒருவர் இறங்கிவந்து கதையின் கடைசிப் பகுதியைக் கேட்டுவிட்டு, நல்லபடியா போய்ட்டு வாங்க என்று கைகொடுத்துவிட்டுப் போனார்.

கர்நாடக எல்லையில் சோதனைச் சாவடிக்காரர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். கிடாயும் அவரை எட்டிப் பார்த்தது. அவர் கன்னடத்தில் என்னவோ கேட்டார். விருமாண்டி தமிழில் பதில் சொன்னார். இரண்டு பேருக்கும் ஒன்றும் புரியவில்லை. கனகலட்சுமி கைப்பையிலிருந்து காதுகுத்துப் பத்திரிகையை எடுத்துக் கொடுத்து, தன் காதைத் தொட்டுக் காட்டி, பிறகு புருஷனைக் காட்டி, "மாமா, தாய்மாமா" என்றார். அந்த மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "சோதரமாவா?" என்றார். அவருக்கும் ஒரு அக்கா மகள் இருந்தாள்போல. கேட்டைத் திறந்துவிட்டு, போகும்போது விருமாண்டிக்குச் சல்யூட்டும் வைத்தார்.

அந்தச் சல்யூட்டை வைத்துக்கொண்டு அவர் தும்கூர் வரைக்கும் ஓட்டினார். "பாத்தியா கனகு. தாய்மாமன்னா ஸ்டேட்டு தாண்டியும் மருவாதி இருக்கு."

"ஆமா. நாந்தான காதத் தொட்டுக் காட்டுனேன். எனக்கு ஒரு சல்யூட்டும் வரல."

இருட்டுவதற்குள் சித்ரதுர்காவில் ஒரு லாட்ஜில் தங்கினார்கள். மறுநாள் விஜயபுரா தாண்டியதும் இரண்டு பக்கமும் கரிசல் காடாக விரிந்தது. கரும்பும், அறுத்துப்போட்ட சோளத்தட்டையும், கண்ணுக்கெட்டிய வரை கறுத்த மண்ணும். விருமாண்டி வண்டியை ஓரம் கட்டி இறங்கி, ஒரு கட்டியை எடுத்து நுணுக்கிப் பார்த்தார். திருமங்கலத்துக்கு மேற்கே அவர் பங்கு நிலத்தில் கிடக்கிற அதே மண். "நம்ம மண்ணு இம்புட்டுத் தூரம் வந்திருக்கு பாரு" என்றார், தானே கொண்டுவந்து கொட்டிய மாதிரி. அஸ்வினிக்குச் சிரிப்பு வந்தாலும் அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டாள். அந்த முகத்தில் சந்தோஷமும் பயமும் சேர்ந்து இருந்தன. ஊர் நெருங்க நெருங்க அவர் பேச்சுக் குறைந்துவிட்டது. பிள்ளை தன்னிடம் வருமா என்ற ஒரு கேள்வி அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் முறுக்குக்காரர் தெருவுக்குள் வண்டி நுழைந்தது. தெருவெல்லாம் கடலை எண்ணெய் வாசம். மதுரை நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் வீட்டுக்கு வீடு ஆட்கள் வெளியே வந்தார்கள். சோணையம்மாள் ஓடிவந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள். கனகலட்சுமி நாத்தனாரைக் கட்டிக்கொண்டு அழுதார். விருமாண்டி அழவில்லை. தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்ததால் மீசையை நீவிக்கொண்டு நின்றார்.

கூட்டத்தில் முன்னால் வந்து, "வாங்கண்ணே, நல்லா வந்தீகளா?" என்று ஒருவர் கேட்டார். நாற்பது வயதுக்குள் இருக்கும். காக்கிச் சட்டை, ஒல்லி உடம்பு, பல்லெல்லாம் தெரிகிற சிரிப்பு. கம்பெனி வேலையாள் என்று விருமாண்டி முடிவு கட்டினார். பின்கதவைத் திறந்து, கிடாயின் கயிற்றை எடுத்து அந்த ஆளின் கையில் கொடுத்தார். "தம்பி, இதப் புடி. தண்ணி காட்டு. சீர்க் கிடா, பத்தரமா பாத்துக்க."

ஜெயபாண்டி, "மச்சான், அவரு வந்து..." என்று ஆரம்பித்தான். சோணையம்மாள் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான். காக்கிச் சட்டைக்காரர் சிரிப்புக் குறையாமல் கிடாயை ஓட்டிக்கொண்டு போனார்.

பாண்டிமீனா கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தது. விருமாண்டி மாம்பழத்தை நீட்டினார். பிள்ளை மாம்பழத்தைப் பார்த்தது, மீசையைப் பார்த்தது, உள்ளே ஓடிவிட்டது. "புதுசுல்லண்ணே, விடிஞ்சா சரியாப் போகும்" என்றாள் சோணையம்மாள். அவர் தலையாட்டினார். படுக்கப் போகும்போது, "மீசையக் கொஞ்சம் கொறச்சுக்கிறவா?" என்று மனைவியிடம் மெதுவாகக் கேட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்டிராத கனகலட்சுமி, சிரிக்காமல், "வேணாம். நாளைக்கு ஒங்க கிட்ட வந்துரும்" என்றார்.

காலையில் சீர் புறப்பட்டது. சும்மா சொல்லக் கூடாது, அந்தத் தெரு அதற்கு முன்னால் அப்படி ஒரு சீரைப் பார்த்ததில்லை. உள்ளூர் பேண்டு செட்டு முன்னால் போக, தெருப் பெண்கள் வரிசையாகத் தட்டுத் தூக்கினார்கள். நடுவில் குத்துவிளக்கும் வெண்கலப் பானையும் வெயிலில் மின்னின. விருமாண்டி பட்டு வேட்டியும் தோளில் பட்டுத் துண்டுமாக நிமிர்ந்து நடந்தார். அவருக்குப் பின்னால் கிடாய். குளிப்பாட்டி, கொம்பில் சந்தனம் வைத்து, கழுத்தில் மாலை போட்டிருந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு காக்கிச் சட்டைக்காரர், இன்றைக்கு வெள்ளைச் சட்டையில். கிடாயை இவ்வளவு சுத்தமாக யார் ஜோடித்தது என்று விசாரித்து, அந்த ஆள்தான் என்று தெரிந்ததும், "மாப்ள, நல்ல வேலையாளா வச்சிருக்கீங்க" என்று ஜெயபாண்டியின் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஜெயபாண்டி பாவம், திருதிருவென்று விழித்தான்.

கருத்தக்கண்ணன் கோவில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சீர்த் தட்டுகள் ஒவ்வொன்றாக அவரைக் கடந்து போயின. அவர் வாயே திறக்கவில்லை. விருமாண்டிக்கு அது போதுமாக இருந்தது.

கோவில் முன்னால் ஜமுக்காளம் விரித்து, தாய்மாமனை உட்காரச் சொன்னார்கள். சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பட்டுப்பாவாடை கட்டிய பாண்டிமீனாவைச் சோணையம்மாள் தூக்கிவந்து அவர் மடியில் வைத்தாள். பிள்ளையின் உடம்பு சூடாக, லேசாக இருந்தது. ஐந்து வருஷமாக நினைத்த பாரம் அது. பிள்ளை அண்ணாந்து மீசையைப் பார்த்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும்போலத்தான் இருந்தது. ஆசாரி தட்டிலிருந்து தங்கக் கம்பியை எடுத்தார்.

கம்பியைப் பார்த்ததும் பிள்ளை வழுக்கிக்கொண்டு இறங்கிவிட்டது. விருமாண்டியின் கைக்குள்ளிருந்து நழுவி, அம்மாவைத் தாண்டி, அப்பாவைத் தாண்டி, கூட்டத்தின் கால்களுக்குள் நுழைந்து பின்னால் ஓடியது. கிடாயைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆளின் மேல் தாவி ஏறி, கழுத்தைக் கட்டிக்கொண்டு, "மாமா, மாமா" என்று அலறியது.

அந்த ஆள் பயந்துபோனார். பிள்ளையின் காதில் மராத்தியில் என்னென்னவோ சொல்லி, முதுகைத் தடவி, ஜமுக்காளத்துக்குக் கொண்டுவந்து விருமாண்டியின் மடியில் இறக்கப் பார்த்தார். பிள்ளை கழுத்தை விடவில்லை. கையைப் பிரித்தால் காலால் கட்டிக்கொண்டது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். விருமாண்டிக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது.

"தம்பி, பிள்ளைய இங்க விட்டுட்டு ஒன் வேலையப் பாரு. போயி கிடாயப் புடி."

சத்தம் போடவில்லை, ஆனால் எல்லோர் காதிலும் விழுந்தது. பேண்டு செட்டுக்காரர்கூடக் கொட்டு அடிப்பதை நிறுத்திவிட்டார். அந்த ஆள் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு இல்லை. அப்போதும் பிள்ளையைக் கொடுக்கத்தான் பார்த்தார்.

"அண்ணே," என்றாள் சோணையம்மாள். "அவரு வேலையாள் இல்லண்ணே. அவரு பேரு தத்தா. எதுத்த வீடு. மராட்டிக்காரரு, நம்ம தெருவுல பேசிப் பேசியே தமிழ் கத்துக்கிட்டாரு. ஆட்டோ ஓட்றாரு."

விருமாண்டி நிமிர்ந்து பார்த்தார்.

"இவ பெறந்தப்ப எங்க வீட்டுக்காரரு குல்பர்காவுக்குச் சரக்குப் போடப் போயி மாட்டிக்கிட்டாக. தெருவெல்லாம் கட்டை கட்டி அடைச்சிருந்துச்சு. எனக்கு வலி எடுத்திருச்சு. வெளிய வர எல்லாரும் பயந்தாக, நான் யாரையும் குத்தம் சொல்லல. இவருதான் ஆட்டோவ எடுத்தாரு. மறிச்ச எடத்துல எல்லாம் யாருன்னு கேட்டாக. என் தங்கச்சி, என் தங்கச்சின்னு சொல்லிச் சொல்லித்தான் ஆசுபத்திரி கொண்டுபோயிச் சேத்தாரு. உள்ளயும் அண்ணன்னு சொல்லித்தான் கூட இருந்தாரு. பிள்ளைய மொதல்ல கையில வாங்குனது அவருதாண்ணே. சேனை வச்சது அவரு. தொட்டிலு அவரு வீட்டுத் தொட்டிலு."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்றார் விருமாண்டி.

"நீங்க வளையல வச்சுக்கிட்டு வண்டிக்குள்ள ஒக்காந்திருந்தீகளாமே, மதினி சொன்னாக. அதக் கேட்டதுக்கு அப்பறம் எப்படிண்ணே சொல்லுவேன்?" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாந்தான் இவருகிட்ட, எங்கூடப் பெறந்தவரு வாராரு, அவரு மடியிலதான் குத்தணும்னு சொன்னேன். சரி தாயி, ஒங்க அண்ணன் ஒக்காரட்டும், எனக்கு எதாச்சும் வேலை குடுன்னு கேட்டாரு. நீங்க கிடாயக் குடுத்தீக. அதையும் சந்தோசமாத்தான் புடிச்சாரு."

விருமாண்டிக்கு முதலில் வந்தது கோபம்தான். இல்லை என்று சொன்னால் பொய். ஐந்து வருஷமாக எந்த இடம் காலியாகக் கிடக்கிறது என்று நினைத்து மருகினாரோ, அந்த இடத்தில் வேறொரு ஆள் உட்கார்ந்திருந்தார். தான் இத்தனை தட்டுத் தூக்கி வந்ததற்கு இனி என்ன பெயர் என்று நினைத்தார். எழுந்து போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

கனகலட்சுமி அவர் பக்கத்தில் குனிந்தார். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "என்னங்க, அன்னிக்கு அவரு ஆட்டோவ எடுக்கலேன்னா இன்னிக்கு நீங்க யாருக்குச் சீர் தூக்கிட்டு வந்திருப்பீங்க?" என்று கேட்டார்.

விருமாண்டி தலையைத் திருப்பினார். தங்கச்சியைப் பார்த்தார். பிழைக்கப் போன இடத்தில், மொழி தெரியாத ஊரில், ஊரே கதவைச் சாத்திக்கொண்ட நாளில், ஒருவர் வந்து இவள் என் தங்கச்சி என்று சொல்லும்படி அவள் வாழ்ந்திருக்கிறாள். தன் தங்கச்சி அப்படிப்பட்டவள். அதை நினைத்ததும் அவருக்கு நெஞ்சு விரிந்தது. இத்தனை தட்டையும் கிடாயையும் சேர்த்து வைத்தாலும் வராத பெருமை அது. கோபம் இருந்த இடம் தெரியவில்லை.

எழுந்தார். தத்தாவின் மணிக்கட்டில் கிடாயின் கயிறு இன்னும் சுற்றியிருந்தது. பிள்ளை மேலே ஏறிய அவசரத்தில் அவர் அதை அவிழ்க்கவே இல்லை. விருமாண்டி அந்தக் கயிற்றைத் தன் கையால் அவிழ்த்து, "மாப்ள, இத நீங்க புடிங்க" என்று ஜெயபாண்டியிடம் கொடுத்தார். தன் தோளில் கிடந்த பட்டுத் துண்டை எடுத்துத் தத்தாவின் தோளில் போட்டார். தத்தா, "அண்ணே, வேணாம்ணே" என்று பின்வாங்கினார்.

"வேணாம்னு சொல்றதுக்கு நீ யாரு? ஒக்காரு தம்பி."

அதுவரை பேசாமல் இருந்த கருத்தக்கண்ணன் இப்போது நாற்காலியில் நிமிர்ந்தார். "இது என்ன புது வழக்கமா இருக்கு. தாய்மாமன் மடின்னா ஒரு மடிதான். ஆளு மாத்தி ஒக்காருறதெல்லாம் நம்மள்ல கெடையாது."

"ஆளு மாத்தல மாமா. அவரு பக்கத்துல நானும் ஒக்காருறேன்."

"ரெண்டு பேரு மடியில எப்படிக் குத்துவாக?"

"பிள்ளைக்குக் காது ரெண்டு இருக்குல்ல," என்றார் விருமாண்டி. "ஒண்ணு அவரு மடியில குத்தட்டும். ஒண்ணு எம் மடியில குத்தட்டும்."

கருத்தக்கண்ணன் வாயைத் திறந்தார். வழக்கத்தில் இதற்கு என்ன பதில் என்று யோசித்தார். கையை ஒரு ஆட்டு ஆட்டி, சரி நடக்கட்டும் என்றார்.

இருவரும் முழங்கால் முட்டிக்கொள்ள நெருங்கி உட்கார்ந்தார்கள். முதல் காது தத்தாவின் மடியில். ஆசாரி கம்பியைக் காதருகே கொண்டுபோனதும் தத்தா கண்ணை இறுக மூடிக்கொண்டார். பிள்ளை வீல் என்று கத்தியது. அதைவிடப் பெரிதாக ஒரு விம்மல் தத்தாவிடமிருந்து வந்தது. கூட்டத்தில் பெண்களெல்லாம் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள். அஸ்வினி செல்போனைக் கீழே இறக்கிவிட்டாள்.

இரண்டாவது காதுக்குப் பிள்ளை மசியவில்லை. வலி என்னவென்று இப்போது அதற்குத் தெரிந்துவிட்டது. தத்தா அதன் கன்னத்தோடு கன்னம் வைத்து, விருமாண்டியைக் காட்டி, "இவரு என் அண்ணன். எனக்கும் மூத்தவரு. பயமில்ல" என்று பிள்ளைக்குப் புரியும்படி பாதித் தமிழிலும் பாதி மராத்தியிலும் சொன்னார். பிறகு அதன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டே மெல்ல அந்த மடியிலிருந்து இந்த மடிக்கு நகர்த்தினார். பிள்ளை திமிறவில்லை. ஒரு கையை விடுவித்துக்கொண்டு விருமாண்டியின் மீசையை எட்டிப் பிடித்தது. அவருக்குக் கண்ணில் தண்ணீர் வரும்படி பிடித்தது. ஆசாரி குத்தினார்.

இந்தத் தடவை ஓடவில்லை. அவர் நெஞ்சிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதது. சட்டையெல்லாம் கண்ணீரும் மூக்குச்சளியுமாகியது. விருமாண்டி அதன் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே, "முடிஞ்சிருச்சு தாயி, முடிஞ்சிருச்சு" என்று சொன்னார். தெரு பார்க்கிறது என்ற நினைவே இல்லாமல் அவரும் அழுதார்.

இலை போடுவதற்கு முன்னால் மைக்கில் சீர் வாசிப்பது அந்தத் தெருவில் வழக்கம். மைக் செட்டுக்காரர் ஜமுக்காளத்துக்கே வந்து, பிள்ளையைத் தோளில் தூங்கவைத்திருந்த விருமாண்டியிடம் குனிந்து, "தாய்மாமன் பேரு சொல்லுங்கண்ணே, வாசிக்கணும்" என்றார்.

திருமங்கலத்திலிருந்து கிளம்பியபோதே அந்த வாசகத்தை விருமாண்டி மனதுக்குள் எழுதி வைத்திருந்தார். கடைப் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், பட்டப்பெயர் எல்லாம் அதில் இருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தத்தாவைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒன் முழுப் பேரு என்ன தம்பி?"

"தத்தாத்ரேய் ஜாதவ்ண்ணே."

விருமாண்டி மைக் செட்டுக்காரரிடம் திரும்பினார். கருத்தக்கண்ணன் காதிலும் விழட்டும் என்று நன்றாகச் சத்தமாகவே சொன்னார்.

"தாய்மாமன் ரெண்டு பேரு. எந் தம்பி பேர மொதல்ல வாசி."